மெய்நிகர் மேய்ப்பர்கள்: இதயம், அறிவுரை, ஓசூர்

ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் நண்பர் ஒருவர். வயது முப்பத்தெட்டு. இரவு ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து படுத்த கொஞ்ச நேரத்தில் கைபேசி அடிக்கிறது. எடுத்தால் பதிவுசெய்யப்பட்ட ஒரு பெண் குரல். 'வணக்கம். இன்று காலை நடைப்பயிற்சி மேற்கொண்டீர்களா? ஆம் என்றால் எண் ஒன்றை அழுத்தவும். இல்லை என்றால் எண் இரண்டை அழுத்தவும்.' கம்பெனி ஏற்பாடு செய்திருக்கும் உடல்நலத் திட்டம் இது. கம்பெனியின் பெயர் இங்கு வேண்டாம், அதுவல்ல விஷயம். நண்பர் என்னிடம் கேட்டார்: "ராத்திரி பூரா நின்னுக்கிட்டே இருந்தேன். நடுவுல ரெண்டு வாட்டி பாத்ரூம் போனேன், அவ்ளோதான். இதுக்கு எத்தனையை அழுத்தணும்ணா?"

அதற்கான எண் அந்தப் பட்டியலில் இல்லை. இந்தக் கட்டுரை அந்த இல்லாத எண்ணைப் பற்றியதுதான்.

மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு ஆகியவற்றைக் குறைக்க மருத்துவரையோ மருத்துவமனையையோ மக்களிடம் கொண்டுபோவதற்குப் பதிலாக ஒரு 'பயிற்றுநரை' தொலைபேசி வழியாக அனுப்புவது என்பது இன்று உலகம் முழுக்க ஒரு திட்டவடிவமாக ஆகியிருக்கிறது. வசதியற்ற மக்கள், தொலைவில் இருப்பவர்கள், டாக்டர் இல்லாத ஊர்கள், இவர்களுக்கென்றே செய்யப்படுவதாகச் சொல்லப்படுகிறது. ஆங்கிலத்தில் 'கோச்' என்கிறார்கள். எங்கள் பக்கம் கோச் என்றால் ரயில் பெட்டி; இப்போது நீட் தேர்வுக்குக் கோச்சிங் சென்டர். இரண்டுக்கும் காசு கட்டணும். இந்த மூன்றாவது கோச் இலவசமாக வருகிறது. இலவசமாக வரும் எதையும் சந்தேகிப்பது நம் பழக்கம். அந்தப் பழக்கத்தையும் கொஞ்சம் சந்தேகித்துக்கொண்டே மேலே போகலாம்.

'மெய்நிகர்' என்று இதைத் தமிழாக்கியிருக்கிறோம். மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பு. உண்மைக்கு நிகரானது என்ற பொருளில் செய்த சொல், உடம்புக்கு நிகரானது என்றும் வாசிக்க இடம் தருகிறது. மருத்துவத்தில் இந்த இரண்டாவது வாசிப்பே பொருந்துகிறது. தொலைபேசியின் மறுமுனையில் இருப்பது நண்பரின் உடம்பு இல்லை. அதற்கு நிகராக வைக்கப்பட்ட ஒன்று: வயது, எடை, இடுப்புச் சுற்றளவு, கடைசியாகப் பார்த்த பிபி, அழுத்திய எண்கள். அந்த நிகர்மெய்க்குக் கால் வலிக்காது. ஷிப்ட் கிடையாது. அறிவுரை போய்ச் சேர்வது அதற்குத்தான்.

இந்த அறிவுரைக்கு ஒரு வரலாறு உண்டு, அதுவும் நம் ஊரிலேயே உண்டு. டாக்டர் அ. ராமச்சந்திரனும் அவருடைய சென்னைக் குழுவினரும் நடத்திய ஓர் ஆய்வு 2013இல் லான்செட் குழும இதழொன்றில் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த, 35 முதல் 55 வயதுக்குட்பட்ட, வேலைக்குப் போகும் 537 ஆண்கள். எல்லோருக்கும் தொடக்கத்தில் ஒருமுறை அறிவுரை. பாதிப் பேருக்கு மட்டும் அதற்குமேல் இரண்டு வருஷம் தொடர்ந்து கைபேசிக் குறுஞ்செய்திகள். முடிவில் செய்தி வந்தவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், வராதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை வந்திருந்தது. பதினொரு பேருக்குச் செய்தி அனுப்பினால் ஒருவருக்கு நோய் தவிர்க்கப்படுகிறது என்று கணக்கு. மாத்திரை இல்லை, ஊசி இல்லை, வெறும் செய்தி. இதைச் சின்ன விஷயம் என்று தள்ளுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அந்த 537 பேர் யார் என்று பார்க்கவேண்டும். ஆண்கள். வேலையில் இருப்பவர்கள். கைபேசி வைத்திருப்பவர்கள், வந்ததைப் படிப்பவர்கள். 'நடங்கள்' என்ற வினைமுற்று அவர்களிடம் போனபோது நடப்பதற்கு அவர்களுக்கு ஒரு சாயங்காலம் இருந்திருக்கலாம். அதே வினைமுற்றை எடுத்து, அஞ்செட்டிப் பக்கம் யானை இறங்கும் ரோட்டில் இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போகவேண்டிய பெண்ணிடமோ, ஓசூரில் ஓர் அறைக்கு ஆறு பேராகத் தங்கி ஷிப்டுக்கு ஷிப்ட் பாயை மாற்றிக்கொள்ளும் ஒடிசாக்காரரிடமோ கொடுத்தால் அது என்னவாகிறது? ஒரு பிரதியின் வாசகர் மாறும்போது பிரதியே மாறிவிடுகிறது என்று இலக்கியத்தில் இத்தனை நாள் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்தக் குறுஞ்செய்தியையும் அப்படிப் பிரதியாக வாசித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. முதல் வாசகருக்கு ஆலோசனையாக இருந்தது இரண்டாம் வாசகரிடம் குற்றச்சாட்டாகிவிடுகிறது. 'நீ நடக்கலை.'

ஃபூக்கோ 1979இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகளில் 'மேய்ப்பதிகாரம்' என்ற ஒன்றைப் பேசுகிறார். நிலத்தின்மீது செலுத்தப்படும் அரசதிகாரம் வேறு. மந்தையின்மீது செலுத்தப்படும் மேய்ப்பனின் அதிகாரம் வேறு. மேய்ப்பனுக்கு ஒவ்வொரு ஆட்டையும் தனித்தனியே தெரியும். எது நொண்டுகிறது, எது தின்னவில்லை, எது மந்தையை விட்டுப் போனது என்று ராத்திரி முழித்திருந்து எண்ணுகிறான். கிறித்துவத்தில் இது பாவசங்கீர்த்தனமாகவும், பிறகு நவீன அரசின் நலத்திட்டமாகவும் உருமாறியது என்பது அவருடைய வாதம். இந்த அதிகாரம் அடிக்காது, மிரட்டாது. விசாரிக்கும். 'சாப்பிட்டீங்களா?' 'என்ன சாப்பிட்டீங்க?' 'எத்தனை?' மெய்நிகர் பயிற்றுநரைப் பற்றி இதைவிடத் துல்லியமான வர்ணனை எனக்குக் கிடைக்கவில்லை. தினமும் மூன்று கேள்வி, தினமும் ஒரு ஒப்புதல். எண் இரண்டை அழுத்துவது ஒரு சின்னப் பாவமன்னிப்பு.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஆடு மேய்க்கும் குடும்பத்தில் வந்த தோழர் ஒருவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிங்கண்ணா. ஆட்டை எதுக்கு வளக்குறோம்னு உங்க ஃபூக்கோ சொன்னாரா?" என்றார். சிரித்தோம். ஆனால் கேள்வி சிரிப்புக்குரியது இல்லை. கம்பெனி தன் ஆட்களுடைய பிபியை ஏன் எண்ணுகிறது? லீவு குறையும், உற்பத்தி கூடும், காப்பீட்டுச் செலவு இறங்கும். அந்த எண்கள் எங்கே போகின்றன, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நாளில் யார் மேசையில் கிடக்கும் என்று நண்பருக்குச் சொன்னவர் இல்லை. 2023ஆம் ஆண்டு வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வேலை தொடர்பான நோக்கங்களுக்கும், முதலாளியை இழப்பிலிருந்தும் பொறுப்பிலிருந்தும் காப்பதற்கும் ஒருவருடைய தரவைத் தனியே ஒப்புதல் வாங்காமலே கையாள இடம் தருகிறது. தொழிற்சங்கங்கள் இதை இன்னும் கையில் எடுக்கவில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சங்கமே இல்லை என்பது அதைவிட முன்னால் நிற்கும் விஷயம்.

*

'இடர்' என்ற கருத்தாக்கத்துக்குள் கொஞ்சம் போகவேண்டும். இதய நோயை ஏதோ ஒரு கிருமி உண்டாக்கும் நோயைப்போலப் பார்க்காமல், பல காரணிகளின் கூட்டுத்தொகையாகப் பார்க்கும் பார்வை அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் தொடங்கிய ஆய்விலிருந்து வருகிறது. 5,209 பேரை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். ரத்தக்கொதிப்பு, கொழுப்பு, புகை என்று காரணிகள் தனித்தனியே பிரித்தெடுக்கப்பட்டன. 'இடர்க் காரணி' என்ற சொல்வழக்கே 1961இல் அங்கிருந்து எழுதப்பட்ட கட்டுரைக்குப் பிறகுதான் பரவியது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய அறிவு இது, மறுக்கமுடியாது. ஆனால் காரணிகள் எல்லாம் ஒரு தனிமனிதத் தோலுக்கு உள்ளேயே இருப்பவை என்பதைக் கவனிக்கவேண்டும். வெள்ளையரே பெரும்பான்மையாக இருந்த ஒரு ஊரில், எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரியாக இருந்த எதுவும் காரணியாகத் தெரியவே தெரியாது. வேறுபடுவது மட்டும்தான் புள்ளியியலில் கண்ணுக்குத் தட்டுப்படும்.

வேறுபாட்டை வேறு இடத்தில் தேடியவர்களும் இருந்தார்கள். லண்டனில் அரசு ஊழியர்களிடையே 1967இல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு. மைக்கேல் மார்மட்டும் சகாக்களும் பார்த்தது இது: கீழ்நிலை ஊழியர்கள் இதய நோயில் சாகும் விகிதம் உயர்நிலை அதிகாரிகளைப்போல மூன்று மடங்குக்கும் மேல். எல்லோரும் ஆபீஸ் ஆட்கள், எல்லோருக்கும் சம்பளம் உண்டு, எல்லோருக்கும் இலவச மருத்துவம் உண்டு. புகை, கொழுப்பு, ரத்தக்கொதிப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டுக் கழித்த பிறகும் அந்த இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே மீந்து நின்றது. வேலையில் தன் நேரத்தின்மீது தனக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதும் இதயத்தின் விஷயம்தான் என்று அதன் தொடர்ச்சியான ஆய்வுகள் சொல்லின. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வும், மாரடைப்புக்கான ஒன்பது காரணிகளில் ஒன்றாக மனநெருக்கடியை வைத்தது. வேலையிடத்து நெருக்கடி, வீட்டு நெருக்கடி, பணநெருக்கடி எல்லாம் அதில் அடக்கம். தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்றவர்களுக்கு 59 என்பதும் அந்த ஆய்வின் தரவிலிருந்து 2007இல் வந்த கணக்கு. ஆறு வருஷம். ஒரு குழந்தை பிறந்து ஒன்றாம் வகுப்புக்குப் போகிற காலம்.

இந்த மனநெருக்கடி என்ற காரணி கைபேசிக்குள் போகும்போது என்னவாகிறது தெரியுமா? மூச்சுப் பயிற்சியாகிறது. 'கண்களை மூடுங்கள், நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளிழுங்கள்.' சூப்பர்வைசர் எண்ணுகிற எண்ணிக்கை வேறு, இது வேறு.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தொழிற்சாலைகள் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது நினைவிருக்கும். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம். எதிர்ப்பு வந்தது, மூன்று நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். இதய நோயைக் குறைக்க அந்த வருஷம் நம் மாநிலத்தில் நடந்த முக்கியமான காரியங்களில் அந்த எதிர்ப்பும் ஒன்று. எந்த மருத்துவ அறிக்கையிலும் அது இடம்பெறாது. 2021இல் கடை ஊழியர்கள் உட்காருவதற்கான உரிமையைச் சட்டமாக்கியபோதும் அதை யாரும் உடல்நலத் திட்டம் என்று அழைக்கவில்லை. நண்பருடைய 'எத்தனையை அழுத்தணும்' என்ற கேள்விக்குப் பக்கத்தில் வந்த பதில் அது, ஆனால் அது ஜவுளிக்கடைக்கு. அவர் நிற்கிற இடத்துக்கு இல்லை.

*

இதுவரை படித்தவர்கள், குறிப்பாக நம் தோழர்கள், சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பார்கள். மருத்துவம் என்பதே அதிகாரம், அறிவுரை என்பதே கண்காணிப்பு, இவான் இல்லிச் 1975லேயே சொல்லிவிட்டார், தீர்ந்தது. நானும் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். என்னை இடறிவிட்டது சாமனப்பள்ளி.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூர்ப் பக்கம் இருக்கும் அந்தக் கிராமத்தில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வரும். மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு பெண், பிபி கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் உள்ள பையோடு வருவார். படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சை, வலிதணிப்பு. ஊரடங்கில் ஆஸ்பத்திரிக்குப் போகமுடியாமல் மாத்திரை விட்டுப்போனவர்கள் ஏராளமாக இருந்த நேரம் அது. அதற்கு முந்தைய வருஷம், 2020இல் மாநிலம் முழுக்க எடுத்த கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 34 பேருக்கு ரத்தக்கொதிப்பு. அப்படி ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தது நூற்றுக்கு 7 பேருக்குத்தான். திட்டம் வந்த பிறகு எடுத்த அடுத்த சுற்றில் அந்த 7, 17 ஆகியிருந்தது. 2024இல் ஐ.நா. சபையின் பணிக்குழு விருதும் கொடுத்தது. விருதை விடுங்கள். 7 என்பது 17 ஆவது விளையாட்டில்லை. மீதி 83 பேர் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சூளகிரிப் பக்கம் ஒரு பாட்டி. பூ பறிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், இப்போது முடியவில்லை. மாத்திரை வாங்க முன்பெல்லாம் ஒருநாள் கூலியை விடணும், பஸ்ஸுக்குக் காசு வேணும், வரிசையில் நிக்கணும். "ரெண்டு மாசம் போவேன், மூணாவது மாசம் போகமாட்டேன். தலை சுத்தலைன்னா எதுக்குப் போறது?" இப்போது அக்கா வருகிறார். பாட்டிக்கு அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. 'பிபி மாத்திரை அக்கா'. பாட்டியைவிட முப்பது வயது சின்னவரை அக்கா என்கிறார். இந்தப் பாட்டியிடம் போய், அம்மா, இது உயிரியல் அதிகாரம், உன் உடம்பு பதிவேட்டில் ஏறிவிட்டது என்று நான் சொல்லவேண்டுமா? பதிவேட்டில் இல்லாத உடம்பாகத்தான் இத்தனை வருஷம் இருந்தார். கண்காணிக்கப்படுவதன் வன்முறையைப் பற்றி ஐரோப்பியர் எழுதியதைப் படித்துவிட்டு, எண்ணப்படாமலே செத்துப்போவதன் வன்முறையை நாம் எழுதாமல் விட்டுவிட்டோம்.

ஆக, அறிவுரையையும் மாத்திரையையும் ஒரே கூடையில் போடக்கூடாது. மாத்திரை வாசலுக்கு வரும்போது ஒரு வேலை பாட்டியின் தலையிலிருந்து இறங்கி அரசின் தலைக்குப் போகிறது: பஸ், வரிசை, ஒருநாள் கூலி. அறிவுரை கைபேசிக்கு வரும்போது நேர் எதிராக, ஒரு வேலை நண்பரின் தலையில் ஏறுகிறது: நட, எண்ணு, குறை, அழுத்து. இரண்டுமே 'தேடி' வருகின்றன. தேடி வந்து எதை எடுத்துக்கொள்கிறது, எதைக் கொடுத்துவிட்டுப் போகிறது என்பதே வித்தியாசம். அந்த மாத்திரைப் பொட்டலத்தின் பின்னால் 1994இல் உருவாக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. மருந்துகளைப் பிராண்டு பெயரில் வாங்காமல் மூலப்பெயரில் மொத்தமாக வாங்கிக் கிடங்கு போட்டு அனுப்பும் ஒரு சலிப்பூட்டும், கவர்ச்சியில்லாத ஏற்பாடு. கிடங்கு, லாரி, இருப்புப் புத்தகம். நம் கோட்பாட்டுக் கட்டுரைகளில் கிடங்குகளுக்கு இடமே இருந்ததில்லை.

அதேசமயம் அந்த 'அக்கா'வைப் பற்றியும் பேசியாகவேண்டும். அரசு ஆவணத்தில் அவர் 'தன்னார்வலர்'. அவருக்குத் தரப்படுவது சம்பளம் இல்லை, 'ஊக்கத்தொகை'. தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய். வேலையை ஆர்வம் என்று பெயர்மாற்றினால் சம்பளத்தை ஊக்கம் என்று பெயர்மாற்றலாம். இது மொழியில் நடக்கும் கொள்ளை, இதைக் கட்டுடைக்கத் தெரிதா தேவையில்லை, ரேஷன் கார்டு போதும். நான் பார்த்த ஒருவர் காலையில் வீடுவீடாகப் போகிறார், மதியம் அத்தனையையும் செயலியில் ஏற்றுகிறார். டவர் கிடைக்காத இடத்தில் மேட்டுக்கு ஏறிப்போய் ஏற்றுகிறார். உப்பைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க என்று நேரில் உட்கார்ந்து சொல்வதும் அவரே. நிஜமான பயிற்றுநர் இவர்தான், மெய்நிகர் இல்லை, மெய். "உங்க பிபி எவ்வளவுக்கா?" என்று கேட்டேன். "நம்மளுது எங்க பாக்குறது சார்" என்றார்.

*

உப்பும் எண்ணெயும் என்றேன். இதே அரசின் ரேஷன் கடையில் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைத்துக்கொண்டிருக்கிறது. சிறப்புப் பொது விநியோகத் திட்டம் 2007இல் வந்ததிலிருந்து இந்தப் பக்கத்து அடுப்புகளில் பாமாயில் காய்கிறது. கடலெண்ணெய், நல்லெண்ணெய் விலைக்கு அதைத்தான் வாங்கமுடியும். பாமாயிலில் இதயத்துக்கு ஆகாத நிறைகொழுப்பு கடலெண்ணெயைவிடக் கூடுதல் என்பது எந்த ஊட்டச்சத்துப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஒரு கை அதை 25 ரூபாய்க்கு ஊற்றுகிறது, இன்னொரு கை வீட்டுக்கு வந்து குறைக்கச் சொல்கிறது. இரண்டு கைக்கும் நடுவில் நிற்கும் பெண்தான் 'வாழ்க்கைமுறையை மாற்றிக்கொள்ளாதவர்'. அரிசியும் அப்படியே. இது கேழ்வரகு மண். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே உருண்டைக்கு மூன்று பெயர்: தமிழில் களி, கன்னடத்தில் முத்தெ, தெலுங்கில் சங்கட்டி. வெள்ளை அரிசி இலவசமாக வந்ததும் களி கிண்டுவது குறைந்தது. பட்டினியை ஒழித்த அரிசி அது, அதைக் குறை சொல்லும் துணிச்சல் எனக்கில்லை. 2023இல் பக்கத்துத் தர்மபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் மட்டும் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அப்போது கிருஷ்ணகிரி அந்தப் பட்டியலில் இல்லை. 2004 வரை தர்மபுரியோடு ஒட்டியிருந்த மாவட்டம்தான் இது. நண்பரின் செயலியில் வரும் உணவுப் பட்டியலிலோ ஓட்ஸ் இருக்கிறது, ஆலிவ் எண்ணெய் இருக்கிறது. களி இல்லை. மாட்டுக்கறியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தின்னலாம் என்றும் இல்லை, குறைக்கலாம் என்றும் இல்லை. அதைத் தின்பவர் அந்தப் பட்டியலின் உலகத்திலேயே கிடையாது. சாதி இப்படியும் ஒரு பட்டியலுக்குள் வந்து உட்காரும், சத்தமில்லாமல்.

பத்தாயிரம் அடி நடக்கச் சொல்வதன் கதை இன்னும் வேடிக்கை. அது மருத்துவ ஆய்விலிருந்து பிறந்த எண் இல்லை. 1965வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியளவிக் கருவியின் பெயரே 'பத்தாயிரம் அடி அளவி' என்பதுதான். விளம்பரத்துக்கு வைத்த எண். பிறகு வந்த ஆய்வுகள் அதற்குக் குறைவாக நடந்தாலும் நல்ல பலன் உண்டு என்றே காட்டின. ஆனால் எண் நின்றுவிட்டது. நண்பருடைய கம்பெனியில் அதை எட்டுகிறவர்களுக்கு மாதம் ஒரு பரிசு. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆபீஸ் ஆட்கள்.

மொழியைப் பற்றி ஒன்று. இந்த எல்லையில் ஒருவர் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஆபீஸில் தமிழ், மசூதித் தெருவில் உருது, ஷாப் ஃப்ளோரில் உடைந்த இந்தி என்று ஒரே நாளில் பேசித் திரிவார். கைபேசிக் குரலோ 'மேற்கொண்டீர்களா' என்கிறது. நோய் பேசுகிற மொழி அதுவல்ல. நெஞ்சில் வலி வந்தால் இங்கே யாரும் 'நெஞ்சுவலி' என்று முதலில் சொல்வதில்லை. வாயு என்கிறார்கள், கேஸ் என்கிறார்கள், சோடா குடிக்கிறார்கள், பெண்கள் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். இந்த ஒரு சொல்லில் போகும் மணிநேரங்களுக்குக் கணக்கில்லை. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகள், ஆஸ்பிரின் இரண்டு, குளோபிடோக்ரெல் நான்கு, அட்டோர்வாஸ்டாடின் எட்டு, மொத்தம் பதினான்கு, கையில் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பதினான்கு மாத்திரையை அடைய, 'வாயு' என்ற சொல்லிலிருந்து 'மாரடைப்பு' என்ற சொல்லுக்கு யாராவது கைபிடித்துக் கூட்டிப்போகவேண்டும். தொலைபேசிக் குரல் உண்மையிலேயே பயன்படக்கூடிய இடம் அது. நண்பருக்கு வந்த மூன்று மாத அழைப்புகளில் அதைப் பற்றி ஒருமுறைகூட வரவில்லை. நடந்தீர்களா, நடந்தீர்களா, நடந்தீர்களா.

மாத்திரைக்குப் பிறகு எங்கே போவது? 2022 ஜனவரியில் கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆனால் ஓசூர்க்காரர் நெஞ்சைப் பிடித்தால் வண்டி பெங்களூர்ப் பக்கம் திரும்பும், நாற்பது கிலோமீட்டர், ஜெயதேவா. கர்நாடக அரசின் அந்த இதய மருத்துவமனை எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் ஊர்ப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. வேலையும் காற்றும் தண்ணீரும் எல்லையைத் தாண்டுகின்றன. அத்திப்பள்ளி தாண்டியதும் கையில் இருக்கும் அட்டை செல்லுமா, இ.எஸ்.ஐ. வரம்பு என்ன ஆகும் என்ற கேள்விகள் ஆம்புலன்ஸுக்குள் உட்கார்ந்துதான் எழும். 2017 முதல் அந்த வரம்பு மாதச் சம்பளம் 21,000 ரூபாய். அதை ஓரிரு நூறு ரூபாய் தாண்டியதால் இ.எஸ்.ஐ. போனவர்களை எனக்குத் தெரியும். சம்பள உயர்வு வேண்டாம் என்று எழுதிக்கொடுக்க முடியுமா என்று விசாரித்தவர்களையும் தெரியும்.

தொலைமருத்துவம் நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் சித்தூர் மாவட்டத்து அரகொண்டாவில் அப்போலோ நிறுவனம் 2000 மார்ச்சில் செயற்கைக்கோள் வழி மருத்துவத்தைத் தொடங்கியபோது, தொடங்கிவைத்தவர் அமெரிக்க அதிபர் கிளிண்டன். அப்போது டாக்டர் திரைக்கு வந்தார். இப்போது டாக்டரும் இல்லை, பதிவுசெய்த குரல். இருபத்தைந்து வருஷத்தில் தொலைவு குறைந்ததாகச் சொல்கிறார்கள். மறுமுனையில் இருந்த ஆள் குறைந்திருக்கிறார்.

நண்பர் இப்போது ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறார். அந்தக் குரல் அவரிடம் கேட்கும் கேள்விகளின் வடிவத்திலேயே கம்பெனியிடம் கேட்பதற்கான கேள்விகளை அறைத் தோழர்களோடு உட்கார்ந்து எழுதுகிறார். 'இந்த வாரம் யாருக்காவது தொடர்ந்து இரண்டு ஷிப்ட் போட்டீர்களா? ஆம் என்றால் ஒன்றை அழுத்தவும்.' 'இரவு ஷிப்டில் உட்கார ஸ்டூல் கொடுத்தீர்களா?' 'கேன்டீனில் ஊற்றும் எண்ணெய் எது?' 'ஒப்பந்தத் தொழிலாளிக்கு நெஞ்சுவலி வந்தால் வண்டி எத்தனை நிமிஷத்தில் வரும்? அது எந்த ஆஸ்பத்திரிக்குப் போகும்?' 'எங்கள் பிபி எண்களை யார் பார்க்கிறார்கள்?' பதினேழு கேள்விகள் வரை வந்திருக்கின்றன. தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒரு படி, சங்கத்துக்கு ஒரு படி. மாத்திரை அக்காக்களில் இரண்டு பேர் தங்களுக்கும் சேர்த்து இரண்டு கேள்விகள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று சம்பளம் பற்றி, இன்னொன்று செருப்பு பற்றி. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் எழுதியாகிவிட்டது. ஒடியாவும் இந்தியும் பாக்கி. அந்த மொழிகள் தெரிந்த, ஞாயிற்றுக்கிழமை ஓசூர் வரக்கூடிய வாசகர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.